பதினோரு மாதக் கணக்கு

கேள்வி: ஐயா, நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் தரைப்படையில் நாயக். சேர்ந்து 14 ஆண்டு ஆகிறது. இரண்டரை ஆண்டு காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்துவிட்டு, தம் பட்டாலியனுக்குத் திரும்பிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. ஜூனில் பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு அங்கே குவார்ட்டர்ஸுக்குப் போய்விடலாம் என்று இருந்தோம். இப்போது பட்டாலியனே லடாக் போகிறதாம். ஒருவரை எத்தனை முறை அனுப்பலாம், இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா? கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா? 15 ஆண்டு முடிந்ததும் பென்ஷனோடு வந்துவிடுங்கள் என்று சொல்லட்டுமா? மாமியார், 'எல்லா வீட்டுப் பிள்ளையும்தான் போகிறான்' என்கிறார். இன்னொன்று: லீவில் வந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்க் கேட் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற தரைப்படை லெப்டினன்ட் கர்னல், புதுச்சேரி.

அன்புள்ள அம்மா,

சட்டம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இருக்கும் என்று நம்பிக்கொண்டு நீங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும், ஒரு சிப்பாய் இத்தனை மாதம் எல்லையில் நின்றால் இத்தனை மாதம் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடைக்காது. இருப்பது கொள்கையும் வழக்கமும். ஒரு காலாட்படைப் பட்டாலியன் இரண்டு மூன்று ஆண்டு ஃபீல்டில், அதாவது குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத எல்லைப் பகுதியில் இருக்கும். பிறகு ஏறத்தாழ அதே அளவு பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைப் பணி இல்லாத ஊர் முகாமில் இருக்கும். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மாலையில் மார்க்கெட் எல்லாம் அங்கேதான். பட்டாலியன் மொத்தமாகப் போகும், மொத்தமாகத் திரும்பும்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் கணக்கு இடிக்கிறது? அவர் பெயரில் இரண்டு காலண்டர்கள் ஓடுகின்றன. ஒன்று பட்டாலியனுடையது. மற்றது அவருடைய சொந்தக் காலண்டர். தீவிரவாதிகளை எதிர்க்க 1990இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் மற்றப் பட்டாலியன்களைப் போல் இடம் மாறுவதில்லை. அது காஷ்மீரிலேயே நிற்கும், ஆட்கள்தான் மாறுவார்கள். வெவ்வேறு பட்டாலியன்களிலிருந்து தனித்தனி ஆளாக எடுத்து அனுப்புவார்கள். உங்களவர் அங்கே இருந்த இரண்டரை ஆண்டும் அவருடைய பட்டாலியன் பீஸில் இருந்திருக்கிறது. அதாவது, குடும்பத்தோடு இருக்க வேண்டிய காலத்தை அவர் காஷ்மீரில் கழித்திருக்கிறார். திரும்பி வந்த நேரம், பட்டாலியனின் பீஸ் காலம் முடிகிற நேரம். பட்டாலியன் காலண்டர்படி பார்த்தால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. அவருடைய காலண்டர்படி பார்த்தால் 41 மாதத்தில் 30 மாதம் ஃபீல்டு, மறுபடியும் ஃபீல்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆள், பட்டாலியனின் நிர்வாகத்தைக் கவனிக்கிற அதிகாரியான அட்ஜுடண்ட். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். எல்லா நேரமும் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு சம்பவம். விருத்தாசலம் பக்கத்து நாயக் ஒருவர், பட்டாலியன் ஃபீல்டுக்குக் கிளம்பும் சமயத்தில் என்னிடம் வந்து, "சாஹிப், நான் இன்னும் வீட்டுக்கே போய்ச் சேரவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு மாதமாக பீஸில் இருக்கிறார், குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறோம், மனைவி குழந்தைகள் கூட இருக்கிறார்கள், இன்னும் என்ன? அன்று மாலை அவருடைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கழித்துப் பார்த்தேன். பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சி, துப்பாக்கி சுடும் ரேஞ்சு முகாம், பிரிகேடு எக்சர்சைஸ், ஆயுதக் கிடங்குக் காவல், ஒரு வெள்ள நிவாரணம், அது போதாதென்று வாலிபால் போட்டி. மீதி வந்த இரவுகள் நூற்றெழுபது சொச்சம். பதினான்கு மாதத்தில்! அவரை அனுப்பிய ஒவ்வொரு காகிதத்திலும் என் கையெழுத்து இருந்தது. பீஸ் என்ற சொல்லை நாங்கள் எத்தனை இளக்காரமாகப் பயன்படுத்துகிறோம் என்று அன்றுதான் உறைத்தது.

ஆகவே எத்தனை முறை போனார் என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு போக்குக்கு நடுவில் எத்தனை இரவு வீட்டில் படுத்தார் என்று எண்ணுங்கள். உங்கள் பதினோரு மாதத்தையும் அப்படிக் கழித்துப் பார்த்தால், லீவு தவிர ஒன்றும் மிஞ்சாது என்றே நினைக்கிறேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. அமெரிக்கா இதை இராக்கில் விலை கொடுத்துப் படித்தது. 2007 ஏப்ரலில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தரைப்படையினரின் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார். ஊரில் 12 மாதம் உறுதி என்றும் சொன்னார். போருக்குப் 15, வீட்டுக்கு 12. போன காலம் அளவுக்காவது வீட்டில் விட வேண்டும் என்று செனட்டர் ஜிம் வெப் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 56, எதிராக 44. வேண்டியது 60 என்பதால் தோற்றுப்போனது. 2008 ஆகஸ்டில்தான் 12 மாதத்துக்குத் திரும்பினார்கள். இதற்கிடையே அந்த ராணுவத்தின் மனநலக் குழுவே இராக்குக்குப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. உங்களவரைப் போன்ற என்.சி.ஓ.க்களிடம், அதாவது சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே உள்ள பதவிக்காரர்களிடம் கேட்டதில், முதல் முறை போனவர்களில் மனநலப் பாதிப்பின் அறிகுறி இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம். மூன்றாவது, நான்காவது முறை போனவர்களில் சுமார் 27 சதவீதம். பழகப் பழக மரத்துவிடும் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது தப்பு.

பிரிட்டிஷ் தரைப்படைக்கு ஒரு நெறிமுறை உண்டு: ஆறு மாதப் போர்ப்பணிக்குப் பிறகு 24 மாத இடைவெளி. மூன்று ஆண்டுக்குள் 13 மாதமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்குப் போர் அதிர்ச்சி நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதிலேயே இன்னொரு முடிவும் இருந்தது, உங்களுக்கு அதுதான் உதவும். சொன்ன காலத்தைவிட அதிக நாள் நிறுத்திவைக்கப்பட்டவர்களிடமும் அந்தப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. எட்டு மாதம் என்று சொல்லி எட்டு மாதம் நிற்க வைத்தால் மனிதன் தாங்கிக்கொள்கிறான். ஆறு என்று சொல்லி எட்டாக்கினால் ஒடிந்துபோகிறான்.

அந்த 13 மாதத்தை அப்படியே நம் ஆட்களுக்குப் பொருத்திப் பார்த்துப் பதறாதீர்கள். நம் ஜவானுக்கு ஃபீல்டில் இருந்தாலும் ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. ஆறு மாதப் பணிக்குப் போகிற பிரிட்டிஷ்காரனுக்கு நடுவில் கிடைப்பது இரண்டு வாரம். அவர்கள் பெரும்பாலும் கடல் கடந்து போய்ச் சண்டையிட்டுத் திரும்புகிறவர்கள். நமக்கு எல்லை வீட்டு வாசலில். 1984 முதல் சியாச்சினில் ஆள் நிற்கிறது; 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பிறகு லடாக்கில் படை கூடியது. கோவிட் காலத்தில் இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பு வேறு நின்றுபோனது. நிற்க வேண்டிய இடம் கூடி, நிற்கிற ஆள் குறைந்தால், சுற்று சீக்கிரம் வந்துவிடும். உங்கள் மாமியார் சொல்வதும் ஒரு வகையில் சரிதான்: அவர் போகவில்லையென்றால் சிதம்பரத்திலிருந்தோ காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ இன்னொரு வீட்டுப் பிள்ளை போவான். ஆனால் அந்த இன்னொருவன் இரண்டரை ஆண்டும் பீஸில் இருந்தவனாக இருந்தால், முதலில் போக வேண்டியவன் அவன்தான்.

இதைத்தான் கேட்க வேண்டும். யார் கேட்பது, யாரிடம்?

கலெக்டரிடம் வேண்டாம். மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள் என்பது நிலத் தகராறு, பட்டா, வரப்புச் சண்டைக்கு. அவற்றுக்குத் தாராளமாகப் போங்கள். படைவீரர் குடும்பம் என்று எழுதினால் கவனிப்பார்கள், பட்டாலியன் தலைவரான சி.ஓ.வே கலெக்டருக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமும் உண்டு. பணியிட மாற்றம் கலெக்டர் கையில் இல்லை. எம்.எல்.ஏ., எம்.பி. சிபாரிசுக் கடிதம் அதைவிட மோசம். படையில் அதற்கு நல்ல பெயர் கிடையாது, கெடுதல் அவருக்குத்தான் வரும். மாமியாருக்கு இல்லாத நோயைச் சர்டிபிகேட்டில் எழுதி வாங்கிக் கருணை அடிப்படையில் மாற்றல் கேட்கும்படி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். விசாரணைக்கு ஆள் வரும். அதோடு, உண்மையிலேயே படுத்த படுக்கையாகத் தாய் கிடக்கிற ஒருவனுடைய இடத்தை அது பறிக்கும்.

அவரே சி.ஓ. இன்டர்வியூ கேட்க வேண்டும். கம்பெனி கமாண்டர் வழியாக, முறைப்படி. கையில் ஒரே ஒரு தாள் போதும்: ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸுக்குப் போய்ச் சேர்ந்த தேதி, திரும்பிய தேதி, அதன் பிறகு கோர்ஸ், முகாம், காவல் என்று போன நாட்கள், மீதி. அழுகை, புலம்பல் எதுவும் தேவையில்லை. கேட்க வேண்டியவை மூன்று. எல்லாமே சி.ஓ. செய்யக்கூடியவை, அல்லது மேலே எழுதக்கூடியவை.

பட்டாலியன் நகரும்போது, புது இடத்தில் ஏற்பாடு செய்ய முதலில் அட்வான்ஸ் பார்ட்டி போகும். கடைசியில், குடும்பங்களையும் ஸ்டோரையும் கவனிக்க ரியர் பார்ட்டி என்று சிலர் பின்தங்குவார்கள். அட்வான்ஸ் பார்ட்டியில் தம்மைப் போட வேண்டாம், ரியர் பார்ட்டியில் சில மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். நியாயமான கோரிக்கை; நான் பலருக்குச் செய்திருக்கிறேன். இரண்டாவது, இ.ஆர்.இ. என்று நாங்கள் சொல்கிற வெளிப்பணி. என்.சி.சி. பயிற்சியாளர், ஆள்சேர்ப்பு அலுவலகம், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் போன்ற இடங்களில் இரண்டு மூன்று ஆண்டு. நம் பக்கத்து என்.சி.சி. பட்டாலியன்களில் மாணவர்களுக்குக் கவாத்து சொல்லிக்கொடுக்கிற ஹவில்தார்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படி வந்தவர்கள்தாம். இந்த மாதமே கிடைத்துவிடாது, ஆனால் பெயர் வரிசையில் ஏற வேண்டும். மூன்றாவது, லீவு. எப்போது என்று தேதி இல்லாவிட்டாலும் எந்த மாதம் என்றாவது லீவு சார்ட்டில் இப்போதே எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

லடாக் லீவைப் பற்றி ஒரு சூட்சுமம். உயரத்துக்கு உடம்பு பழகவென்று ராணுவம் வைத்திருக்கும் முறைப்படி, முதல் கட்டம் ஆறு நாள், பிறகு நான்கு, அதற்கும் மேலே போக இன்னும் நான்கு. நீண்ட லீவு முடிந்து திரும்பினால் இதை மறுபடி செய்ய வேண்டும். லடாக்கின் லே நகரில் வானிலை கெட்டால் விமானம் கிடையாது. டிரான்சிட் கேம்ப்பில் மூட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லீவைத் துண்டு துண்டாக ஐந்து முறை எடுத்தால் ஒவ்வொரு முறையும் இந்தத் தொல்லை. ஒரேயடியாக எடுத்துவிட்டால் மீதி ஆண்டு வறட்சி. இரண்டாகப் பிரிப்பதுதான் என் கணிப்பில் சரி. பிள்ளைகளுக்குத் தேதி சொல்லாதீர்கள். "மாசி மாதம் வருவார்" என்று சொல்லுங்கள். பதினேழாம் தேதி என்று சொல்லி இருபத்திரண்டாம் தேதி வந்தால், அந்த ஐந்து நாள் அவரையும் அங்கே தின்றுகொண்டிருக்கும். லடாக் என்றதும் சியாச்சின் என்று நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அப்படியே அங்கே போனாலும் மேலே போஸ்டில் வைத்திருப்பது சுமார் மூன்று மாதம்தான். உடம்பு அதற்கு மேல் தாங்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மனசுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் எங்களுக்கு நாளாகிறது.

குவார்ட்டர்ஸ் கனவையும் இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. கணவன் ஃபீல்டில் இருக்கும்போது பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்று ராணுவக் குடியிருப்பில் வீடு ஒதுக்குகிற ஏற்பாடு உண்டு. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். கடலூரிலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில்தான் முன்னாள்; பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் அவர்கள் உதவுவார்கள்.

அடுத்தது 15 ஆண்டு. பென்ஷனுக்கு 15 ஆண்டு சர்வீஸ் போதும் என்பது உண்மை. ஆனால் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் திட்டத்தை அறிவித்த 2015 நவம்பர் 7ஆம் தேதி உத்தரவில் ஒரு வரி இருக்கிறது: அதற்குப் பிறகு தாமாகக் கேட்டு வெளியேறுகிறவர்களுக்கு அந்தத் திட்டத்தின் பலன் இல்லை என்று. இதை எதிர்த்து வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இன்றைய நிலை என்ன, தமக்கு எவ்வளவு வரும் என்று சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்டு ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாயக்காக வருவதற்கும் ஒரு படி மேலே ஹவில்தாராக வருவதற்கும் ஆயுள் முழுக்க மாதாமாதம் வித்தியாசம் இருக்கும். முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதில் வெளியே வந்து, பாங்க் வாசலில் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்; சிலர் சந்தோஷமாக இருக்கிறார்கள், சிலர் இல்லை. வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடம் மாறச் சொல்லும் மூவ்மென்ட் ஆர்டர் வந்த மாதத்தில் அந்த முடிவை எடுக்கக் கூடாது. இந்த மாதத்தில் எடுத்தால் அது லடாக்கைப் பற்றிய முடிவாக இருக்கும். அடுத்த லீவில், மழை இல்லாத ஒரு மாலையில், கணக்குத் தாளோடு இருவரும் உட்காருங்கள்.

கடைசியாகத் தாழ்ப்பாள்.

இரண்டு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். காவலில் இரண்டு இரண்டு மணி நேரமாக ஆள் மாற்றுவார்கள். இரண்டு மணிக்கு மாறுகிற காவலில் அவர் பல மாதம் நின்றிருப்பார். அவருக்கு முன்னால் உடம்பு எழுந்துவிடுகிறது. தடுக்காதீர்கள், விளக்கையும் போடாதீர்கள். பார்த்துவிட்டு வந்து படுத்துத் தூங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாளாக ஆக விட்டுப்போகும். திரும்பி வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தால், பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், குடி கூடினால், அப்போது சும்மா இருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் முதல் தனிப் பிரிவும் இருக்கிறது. அவர் தயங்குவார். மருத்துவ வகைப்பாட்டில் மனநலத்துக்கென்று தனி எழுத்தே உண்டு. அதில் ஒரு படி இறங்கினால் பதவி உயர்வு நிற்குமோ என்று எல்லா ஜவானுக்கும் பயம். பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பத்தில் பேசிச் சரிசெய்வது ஒன்று, கையில் துப்பாக்கியோடு முற்றவிடுவது இன்னொன்று. இரண்டாவதன் முடிவுகளுக்கு நான் விசாரணை அறிக்கை எழுதியிருக்கிறேன்.

எங்கள் புதுச்சேரியில் சொல்தா தாத்தாக்கள் இருந்தார்கள். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் வந்தவர்கள். எங்கள் தெருவில் இருந்தவர் ஒருவர், திரும்பும்போது கப்பலில் கழிந்த வாரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். சீட்டாட்டம், கடல், தூக்கம், மறுபடி சீட்டாட்டம். போரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது லேயிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். மூன்றாம் நாள் உங்கள் வீட்டுத் திண்ணை. அதே பிரெஞ்சுப் படை 2009இல், ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறவர்களை நேரே வீட்டுக்கு விடாமல் சைப்ரஸில் ஓர் ஓட்டலில் சில நாள் தங்கவைத்து அனுப்பத் தொடங்கியது. பழைய கப்பலுக்கு ஒரு மாற்று. நம் வீடுகளில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் வந்த முதல் மூன்று நாள் சொந்தக்காரர்களை அழைக்காதீர்கள். கிடா வெட்டு, திருவந்திபுரம் வேண்டுதல், மச்சினன் வீட்டு விருந்து எல்லாம் நான்காம் நாளுக்கு மேல். தூங்கட்டும், கொல்லையில் சுற்றட்டும். மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. என் பெயரைச் சொல்லுங்கள், பட்டாளத்துக் கர்னல் எழுதியிருக்கிறார் என்று.

அந்தக் கணக்குத் தாளை அவர் தயார் செய்ததும் இன்டர்வியூவுக்கு முன்னால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பெயரும் யூனிட் எண்ணும் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும். எங்கே எந்த நாளை விட்டுவிட்டார் என்று பார்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் வெள்ள நிவாரணத்தைத்தான் மறந்துவிடுவார்கள்.